ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் மொழி வந்துவிடுமா?

நாக்கு பழகும்; பேச்சு தானாக வராது. 1943-ல் அமெரிக்க ராணுவம் வீரர்களுக்கு அயல்மொழிகளைச் சிறு குழுக்களில் ஓயாத வாய்ப்பயிற்சியால் கற்பித்தது. 1950-களில் அந்தப் பாணி, ஆடியோ-லிங்குவல் முறையாக, அதாவது கேட்டுத் திரும்பச் சொல்லிப் பழகும் முறையாக, வகுப்பறைகளுக்குள் வந்தது. மொழி ஒரு பழக்கம் என்பதே அதன் அஸ்திவாரம். மொழியைப் பழக்கமாக விளக்கிய உளவியலாளர் ஸ்கின்னரின் நூலுக்கு 1959-ல் மொழியியலாளர் சாம்ஸ்கி எழுதிய விமர்சனம் அதை ஆட்டிவிட்டது: கேட்டே இராத வாக்கியங்களையும் பேசுகிறோமே!

அதற்காகப் பயிற்சியே வீண் என்பது அவசர முடிவு. ஆங்கிலம் பேசுபவர் தமிழ் கற்கும்போது “நான் தண்ணீர் வேண்டும்” என்று சொல்வது சகஜம். ‘எனக்கு’ நாவில் படிய வேண்டுமென்றால் பயிற்சி தேவைதான். “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்பதைக் கேட்டுச் சொல்லட்டும். பிறகு ‘தண்ணீர்’ இடத்தில் சோறு, காபி, அடுத்து ‘எனக்கு’ இடத்தில் அவனுக்கு, அவர்களுக்கு, கடைசியில் ‘வேண்டாம்’.

சிக்கல் இங்கேதான். ‘தண்ணீர்’ இடத்தில் பொருளே இல்லாத ‘கிப்பு’ என்று கொடுத்தாலும் மாணவர் தப்பில்லாமல் சொல்லிவிடுவார். மூளை வேலையே செய்யவில்லை. ஆகவே ஐந்தாறு முறைக்குப் பின் “காபியா, டீயா, எது வேண்டும்?” என்று நிஜமாகவே கேளுங்கள். ஒரே நாளில் ஐம்பது முறை சொல்ல வைப்பதைவிட, மறுநாளும் மூன்றாம் நாளும் அடுத்த வாரமும் ஐந்தைந்து முறை கேட்பது நன்றாக நிற்கும்.