சளி டப்பா – கடிதம்

அன்புள்ள ஐயா,
நாளை எவனாவது கிருமியையே ஆயுதமாக ஏவினால் என்ன செய்வோம்? கொசு மருந்துக்கும், வீடு வீடாகப் போய் இருமலை விசாரிப்பதற்கும் சும்மா கொட்டுகிற பணத்தில் பாதியை உயிரியல் பாதுகாப்புக்குத் திருப்பக் கூடாதா?
கார்த்திக், செம்பூர்

அன்புள்ள கார்த்திக்,

பாதியா கால்வாசியா என்பதை நிதி அமைச்சகம் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் பயத்தோடும் எனக்குச் சண்டையில்லை. அந்த ‘சும்மா’தான் நேற்றிலிருந்து உறுத்துகிறது.

2003ல் தாராவியில் என் அத்தை மாதக்கணக்கில் இருமினாள். தூசி, அடுப்புப் புகை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். இரும்பு ஏணியைப் பிடித்து எங்கள் மாடி அறைக்கு ஏறி வந்த ஆரோக்ய சேவிகா, அதாவது வீடு வீடாக நோய் விசாரிக்கும் சுகாதாரப் பணியாளர் அக்காதான் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி, காலையில் எழுந்ததும் சளி எடுத்து வையுங்கள் என்றார். மூன்று தடவை விரட்டினோம். நாலாவது தடவையும் வந்தார். டிபி. ஆறு மாதம் மாத்திரை. இன்றைக்கும் என் சாம்பாரில் உப்பில்லை என்பாள் அத்தை.

சரி, உங்கள் ஆயுதத்துக்கு வருவோம். 2001ல் அமெரிக்காவில் தபால் உறையில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் வந்து ஐந்து பேர் செத்தார்கள். முதலில் பிடித்தது உளவுத்துறையா? ஃபுளோரிடாவில் ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சந்தேகப்பட்ட டாக்டர். 1896ல் நம் மும்பை மாண்ட்வியில் பிளேக் என்று முதலில் சொன்னவரும் அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த அக்காசியோ வீகாஸ்தான். எவன் அனுப்பினான் என்று கிருமியின் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது ஐயா. ஏவியதோ தானாக வந்ததோ, முதல் நாள் அது வெறும் காய்ச்சல்தான், அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும், இது மட்டும் ஏன் உங்களுக்குப் பாதுகாப்புச் செலவாகத் தெரியமாட்டேன் என்கிறது?

ஆந்த்ராக்ஸுக்குப் பிறகு அமெரிக்கர்கள் 2004ல், கிருமித் தாக்குதலுக்கு எதிரான மருந்தும் தடுப்பூசியும் வாங்கி வைக்க, பயோஷீல்ட் என்று 10 வருடத்துக்கு 560 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் 87.7 கோடி டாலர் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி ஒப்பந்தம் 2006ல் ரத்தானது. தடுப்பூசி கையிருப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை இந்த அக்காவின் பணத்தில் கை வைத்து வாங்காதீர்கள் என்கிறேன்.

போன மாதம் அந்த அக்காவைப் பார்த்தேன். முழங்கால் போய்விட்டது. மூன்று மாதமாக மான்தன், அதாவது மதிப்பூதியம், வரவில்லையாம். அப்புறம், உங்கள் செம்பூர் பக்கம் சொசைட்டி வாட்ச்மேன்கள் சேவிகாக்களை கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்றார். உங்கள் கேட்டில் முதலில் சொல்லி வையுங்கள்.