முகூர்த்த மேடைக்கு நிஜப்பூவா, துணிப்பூவா?

கேள்வி: வைகாசியில் மதுரையில் என் மகளுக்குத் திருமணம். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு வரவேற்பு; மறுநாள் காலை ஆறரை முதல் ஏழரைக்குள் முகூர்த்தம். இரண்டும் ஒரே மண்டபத்தில், ஒரே மேடையில் நடக்கின்றன. மேடை முழுவதையும் துணிப்பூவில் செய்தால் செலவு பாதியாகும், வாடவும் செய்யாது என்கிறார் அலங்காரக்காரர். சம்பந்தி வீட்டாரோ, கல்யாண மேடையில் காகிதப்பூவா என்று முகம் சுளிக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மண்டபம் முழுவதற்கும் ஒரே முடிவாக எடுக்க முயல்வதால்தான் இந்தக் கேள்வி இரு வீட்டாருக்கும் இடையே மனக்கசப்பாக மாறுகிறது. அப்படி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மண்டப அலங்காரம் செய்துவருபவன் என்ற முறையில் நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் எளிது: கை எட்டும் இடத்தில் உள்ள பூ நிஜப்பூவாக இருக்கட்டும், கை எட்டாத உயரத்திலும் தூரத்திலும் இருப்பது துணிப்பூவானால் குற்றமில்லை. மணமக்களின் கழுத்திலும் கூந்தலிலும் கையிலும் இருப்பவை, பிள்ளையாருக்கும் கும்பத்துக்கும் சாத்துபவை, அட்சதையோடு கலக்கும் உதிரிப்பூ, வாசலில் பன்னீர்ச் செம்புக்கு அருகே தட்டில் இருப்பவை ஆகிய அனைத்தும் நிஜப்பூவாகவே இருக்க வேண்டும். இவற்றில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அது கண்ணுக்கு உறுத்தும். சடங்கு செய்து வைப்பவரும் ஒப்பமாட்டார். மேடையின் பின்திரை, கூரையிலிருந்து தொங்கும் சரங்கள், உணவுக்கூடத்துக்குச் செல்லும் வழியின் வளைவு ஆகியவற்றில் துணிப்பூ தாராளமாக வரலாம்.

இனி உங்கள் மேடைக்கு வருவோம். வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் மேடை ஒன்றே என்பதால், முதல் நாள் நண்பகலில் வேலை தொடங்கி நான்கு மணிக்குள் முடிந்துவிடும். மறுநாள் ஏழரை வரை அந்தப் பூக்கள் வைகாசி வெக்கையிலும், விளக்குச் சூட்டிலும், மின்விசிறிக் காற்றிலும் ஏறத்தாழ 16 மணி நேரம் நிற்க வேண்டும். பறித்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் இது ஒரு நாளைத் தாண்டும். ஓசூரிலிருந்து வரும் ரோஜா அதற்கும் முந்தைய நாளே வெட்டப்பட்டிருக்கும். ஆகவே, 'நிஜப்பூ போடுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டால், இரவு பத்து மணிக்குப் படத்தில் அழகாக விழுந்த மேடை, தாலி கட்டும் நேரத்தில் கழுத்துத் தொங்கிய ரோஜாக்களோடு நிற்கும். எந்தப் பூ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சாமந்தி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி ஆகியவை தண்ணீர் இல்லாமலேயே இந்த நேரத்தைத் தாங்கும். வாடாமல்லி தன் பெயரை நியாயப்படுத்தும் பூ. ஆர்க்கிட்டும் ஆந்தூரியமும் தாங்கும், ஆனால் விலை கூடுதல். ஜெர்பெரா பார்வைக்குப் பெரியது, காம்பு மெலிந்தது. தண்ணீர் கிடைக்காவிட்டால் நள்ளிரவுக்குள் தலை சாய்த்துவிடும். பன்னீர் ரோஜாவை மேடையில் கட்டவே வேண்டாம். இதழ் உதிர்த்துத் தூவுவதற்குத்தான் அது ஏற்றது.

இங்கே நானே செய்த ஒரு பிழையைச் சொல்வது உங்களுக்குப் பயன்படும். தொழிலுக்கு வந்த புதிதில், முகூர்த்தத்துக்கு என்று ஒதுக்கி வைத்த கார்னேஷன் வாளிகளைப் பத்திரமாக இருக்கட்டுமென்று குளிர்சாதன அறை ஒன்றில் வைத்துப் பூட்டினேன். அந்த அறையில்தான் சீர்வரிசைத் தட்டுகளும் இருந்தன: ஒரு தட்டில் மாம்பழம், இரண்டு தட்டுகளில் வாழைப்பழம், ஒன்றில் ஆப்பிள். காலை நான்கு மணிக்குக் கதவைத் திறந்தபோது பழ வாசனைதான் முதலில் வந்தது; பூக்களின் இதழ்கள் எல்லாம் உள்நோக்கிச் சுருண்டு, கண்மூடித் தூங்குவதைப் போலக் கிடந்தன. பழுக்கும் பழம் எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறது. பழத்தைக் கனிய வைக்கும் அதே வாயு பூவை முதுமையடையச் செய்கிறது. கார்னேஷனும் ஆர்க்கிட்டும் அதற்கு எளிதில் பலியாகும். வைகாசியில் மாம்பழம் இல்லாத சீர்வரிசை மதுரைப் பக்கம் இராது. எனவே, பழத்தட்டுக்கு ஓர் அறை, பூவுக்கு வேறோர் அறை என்பதை மண்டபத்துச் சாவியை வாங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மல்லிகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் ஊர் மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதற்காக மட்டுமல்ல, அது வேலை செய்யும் நேரக்கணக்கு பலருக்கும் பிடிபடுவதில்லை என்பதற்காகவும். மல்லியை மொட்டாக, பொழுது புலர்வதற்கு முன் தொடங்கிப் பறிக்கிறார்கள். அது அன்று மாலை இருட்டும் நேரத்தில் விரிந்து, இரவில் மணந்து, மறுநாள் விடியலில் பழுப்பேறத் தொடங்கும். ஆகவே, காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வாங்கிய மல்லி, மாலை வரவேற்புக்குச் சரியாகப் பொருந்தும். முகூர்த்தத்துக்கு அதையே வைத்திருந்தால், பெண்ணின் தலையில் அது நேற்றைய பூவாகத்தான் தெரியும். முகூர்த்தத்துக்கு வேண்டிய சரத்தை இறுக்கமான மொட்டாகவே கட்டித் தரச் சொல்லி, வாழை இலையில் பொதிந்து, இலைக்கு வெளியே ஈரத்துணி சுற்றி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மொட்டின்மேல் நேரடியாகத் தண்ணீர் தெளிக்கக் கூடாது, ஈரம் தங்கிய இதழ் முதலில் கறுக்கும். உறைபெட்டியில் வைப்பது அதைவிடக் கெடுதல். காலை ஐந்து மணிக்கு வெளியே எடுத்தால், மணப்பெண் மேடைக்கு வரும்போது பாதி விரிந்திருக்கும். அந்த நிலையில்தான் மல்லிக்கு அழகு. இடையிடையே கனகாம்பரம் சேர்த்தால் மணம் கூடாது. ஆனால் நிறம் நிற்கும், பூவும் எளிதில் வாடாது. சடையில் தைக்கும் பூவேலைக்கு மட்டும் செயற்கைப்பூவை நான் ஒப்புக்கொள்வதுண்டு. அது பல மணி நேரம் பின்தலையில் அழுந்திக் கிடக்க வேண்டியது. ஆயத்த ஜடையை வைத்து, அதன்மேல் இரண்டு முழம் மொட்டு மல்லியைச் சுற்றிவிட்டால் யாரும் வேறுபாடு காணமாட்டார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்வாய்ப்பு. பங்குனியிலிருந்து ஆனி வரை மல்லி அமோகமாகப் பூக்கும். இதே திருமணம் தை மாதத்தில் நடந்தால், பனியில் மொட்டு பிடிக்காமல் வரத்துச் சுருங்கி, கிலோ சில ஆயிரம் ரூபாய் வரை ஏறும். அப்போது என் ஆலோசனையும் ஓரளவு மாறியிருக்கும். ஆனாலும் வைகாசி முகூர்த்த நாள்களில் மாநிலம் முழுவதும் கல்யாணம் என்பதால், முதல் நாள் சந்தை விலையைப் பார்த்து மதிப்பீடு செய்யாதீர்கள். முன்பணம் கொடுத்து எடையைப் பேசிக்கொள்வதே பாதுகாப்பு.

மாலைகளில் ஒரே ஓர் எச்சரிக்கை. அண்மைக்காலமாக நீலமும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிய சாமந்தியும் சம்பங்கியும் சந்தைக்கு வருகின்றன. வியர்வை பட்டால் அந்தச் சாயம் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையிலும் பட்டிலும் இறங்கும். பட்டுக்குப் பொருந்தும் நிறத்தில் மாலை வேண்டுமென்று கேட்பவர்கள் முதலில் ஈரமான வெள்ளைத்துணியால் ஓர் இதழைத் தேய்த்துப் பாருங்கள்.

இதே சோதனை துணிப்பூவுக்கும் பொருந்தும். பட்டியல் படத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளாமல், கிடங்குக்கே போய்ச் சரக்கைப் பாருங்கள். துணிப்பூ வாடாது என்பது உண்மை, ஆனால் பழசாகும். எத்தனை மண்டபம் பார்த்த பூ என்பது இதழின் ஓரத்தில் தெரியும்: நூல் பிரிந்திருக்கும், வெள்ளை மஞ்சளாகியிருக்கும், மடிப்புகளில் தூசி படிந்திருக்கும். ஒரு கொத்தை எடுத்துக் கையில் தட்டுங்கள். தூசி பறந்தால், மேடையில் உட்காரும் ஆஸ்துமாக்காரருக்கு அது முகூர்த்தம் முழுவதும் இருமல். வழவழப்பான பிளாஸ்டிக் பூக்கள் ஒளிப்படக்காரரின் விளக்கில் மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், மங்கலான துணிப்பூவையே கேளுங்கள். வெயில் நேரடியாக விழும் வாசல் வளைவுக்குத் துணிப்பூ வேண்டாம்; கோடை மழை ஒன்று பெய்தால் சாயம் வழியும். அங்கே வாழைமரமும் தென்னங்குருத்துத் தோரணமும் மாவிலையும் இருந்தால், பூவே இல்லாமலும் நிறைவாக இருக்கும்.

விட்டுக்கொடுக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. அது ஓமகுண்டத்தின் மேலும் சுற்றியும் உள்ள பகுதி. துணிப்பூவில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். நெருப்புப் பட்டால் அது உருகிச் சொட்டும், சொட்டும்போது எரியவும் செய்யும். நெய் ஊற்றும்போது எழும் சுடர் எவ்வளவு உயரம் போகும் என்பது அலங்காரக்காரருக்கு நினைவிருப்பதில்லை. குண்டத்துக்கு நேர் மேலே எந்தத் தொங்கலும் வேண்டாம். சுற்றிலும் கை எட்டும் பகுதியிலும், குத்துவிளக்கை ஒட்டியும் நிஜப்பூ மட்டுமே இருக்கட்டும். ஈரமுள்ள பூ சட்டென்று பற்றிக்கொள்ளாது.

சம்பந்தி வீட்டாரின் மனக்குறை நியாயமானதுதான், ஆனால் வேறொன்றையும் அவர்களிடம் சொல்லலாம். நிஜப்பூ மேடை என்றால் பிளாஸ்டிக்கே இல்லை என்று எண்ண வேண்டாம். பூக்காம்பைச் செருகும் பச்சைச் செங்கல் போன்ற ஒயாசிஸ், மட்காத பிளாஸ்டிக் நுரைதான். ஒரு திருமணத்தோடு குப்பைக்குப் போகிறது. நூறு மேடை ஏறும் வாடகைத் துணிப்பூவைவிட அது எந்த வகையில் உயர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. சாமந்தியும் கோழிக்கொண்டையும் என்றால், கோயில் அலங்காரத்தில் செய்வதைப் போல வாழைமட்டையில் குச்சியால் செருகலாம். மட்டையின் ஈரமே பூவைக் காக்கும், மறுநாள் எல்லாம் சேர்ந்து மட்கும். வாடாத பூ என்பது நமக்குப் புதிதும் அன்று: தஞ்சாவூர்ப் பக்கம் நெட்டி என்னும் நீர்ச்செடியின் வெண்மையான தண்டுச் சோற்றில் பூவும் மாலையும் செய்கிறார்கள். ஆனால் நெட்டி மாலையை மேடையில் பார்த்தால் நம்மவர்களுக்கு மாட்டுப் பொங்கல் நினைவு வந்துவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

பணக்கணக்கில், துணிப்பூவை வாடகைக்கு மட்டும் எடுங்கள், விலைக்கு வாங்காதீர்கள். செலவு பாதியாகும் என்ற பேச்சும் பின்திரைக்குத்தான் பொருந்தும். மாலை, சரம், உதிரிப்பூ ஆகியவற்றின் செலவு எந்த முறையிலும் குறையாது. உங்கள் மேடைக்கு நான் சொல்வது இது: பின்திரையின் மேற்பகுதியும் கூரைத் தொங்கல்களும் துணிப்பூ, இருக்கைக்குப் பின்னே தோள் உயரம் வரையிலும், மேடையின் முன்விளிம்பிலும் சாமந்தியும் கோழிக்கொண்டையும். இரண்டு வகையும் ஒரே கொத்தில் கலக்க வேண்டாம். பக்கத்தில் நிஜப்பூ இருந்தால் துணிப்பூ உடனே தெரிந்துவிடும். காலை நான்கு மணிக்கு ஓர் ஆள் வந்து, வாடியதை எடுத்துவிட்டு முன்விளிம்பை மட்டும் புதுப்பூவால் மாற்ற வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எந்தப் பூ, எத்தனை கிலோ, எது துணி, எது நிஜம் என்பதையும் அதே தாளில் எழுதிவிட்டு, சம்பந்தி வீட்டாருக்கு ஒரு படி கொடுத்துவிட்டால், முகூர்த்தத்தன்று யாரும் பூவைத் தொட்டுப் பார்க்கமாட்டார்கள்.