குரல் கேட்டா புருஷன், முகம் பார்த்தா அந்நியன்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயசு, ரெண்டு வருஷமா மறதி. இப்ப புதுசா, அப்பா காபி கொண்டுபோனா வாங்கவே மாட்டேங்கறாங்க. "யாருங்க நீங்க, அவர் சட்டைய போட்டுட்டு வந்திருக்கீங்க, அவர் எங்க?"ங்கறாங்க. ஆனா பக்கத்து ரூம்ல இருந்து அப்பா பேசினா "எப்ப வந்தீங்க"ன்னு சாதாரணமா கேக்குறாங்க. சொந்தக்காரங்க பேய்ங்கறாங்க. இது என்ன சார்?
- பேர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: பேயெல்லாம் இல்லங்க. நீங்க சொல்றத பார்த்தா கேப்கிராஸ் சிண்ட்ரோம் மாதிரி தெரியுது, அதாவது நெருங்கினவங்கள பார்த்து அவங்க மாதிரியே இருக்கற போலி ஆளுன்னு நம்புறது, 1923லயே ஜோசப் கேப்கிராஸ்ங்கற பிரெஞ்சு டாக்டர் எழுதி வச்சது, டிமென்ஷியாங்கற மறதி நோயிலயும் வரும். அந்த குரல் விஷயம் சொன்னீங்க பாருங்க, அதுதான் துப்பு.

நம்ம ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன் அமெரிக்காவுல ஒரு பையன டெஸ்ட் பண்ணார். ஆக்சிடென்ட்ல தலையில அடிபட்டு கோமாவுல இருந்து எழுந்தவன், பெத்தவங்கள பார்த்து போலிங்கறான், அவங்களே போன் பண்ணா ஒழுங்கா பேசுறான். பழகின முகத்த பார்த்தா நமக்கு உள்ளங்கையில லேசா வேர்க்கும், நமக்கே தெரியாது, மெஷின்ல தெரியும். இவனுக்கு அம்மா போட்டோவும் எவரோ ஒருத்தர் போட்டோவும் ஒண்ணுதான், மெஷின் அசையவே இல்ல. முகத்த அடையாளம் பாக்குற இடம் நல்லாதான் இருக்கு, அங்கேருந்து உணர்ச்சிக்கு போற லைன் மட்டும் கட், குரலுக்கு வேற லைன், அது தப்பிச்சிருச்சுன்னு அவர் விளக்கம். கண்ணு அம்மாங்குது, உள்ள ஒண்ணுமே தோணல, அப்ப மூளை என்ன பண்ணும், எனக்கு ஏதோ கோளாறுன்னு சொல்லாதுங்க, எதிர்ல நிக்கிறவங்க மேல பழிய போட்டு ஒரு கதை கட்டிரும். (நாமளும் தினம் பண்றதுதானே!)

இதுல என்னை உலுக்கினது வேற. அவன் தன்னோட பழைய போட்டோவ பார்த்தே இது வேற ஆளுங்கறான். அம்மாகிட்ட, நிஜமான அவன் திரும்பி வந்துட்டாலும் என்கிட்ட பாசமா இருப்பியான்னு கேட்டிருக்கான்! "நான்"ங்கறதுக்கே அந்த நெருக்கம் தேவைப்படுது போல.

நரம்பு டாக்டர பாருங்க. திடீர்னு நாலஞ்சு நாள்ல வந்ததுன்னா உடனே போங்க, யூரின் இன்ஃபெக்‌ஷன் கூட வயசானவங்கள இப்படி குழப்பும். அதுவரைக்கும் நான்தான்னு அப்பா வாதாட வேண்டாம். வாசல்லயே நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு, பேசிக்கிட்டே டம்ளரோட உள்ள வரச்சொல்லுங்க.