பூனை எழுதிய பேப்பர், பொறி எழுதிய பேப்பர்

கேள்வி: ஒரு இயற்பியல் ஆய்விதழில் பூனை இணை ஆசிரியராக இருக்கிறதாம். மருத்துவ இதழில் டீ ஸ்பூன் காணாமல் போவது பற்றி ஆய்வுக்கட்டுரை வருகிறதாம். விஞ்ஞானிகளே இப்படி விளையாடினால், அறிவியலை மதிக்கும்படி மாணவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது?

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே அந்த இரண்டு கட்டுரைகளையும் மாணவர்கள் கையில் கொடுங்கள்.

பூனை விஷயம் உண்மைதான். அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜாக் ஹெதரிங்டன், 1975இல் திட ஹீலியம்-3இல் அணுக்கள் இடம் மாறிக்கொள்வதைப் பற்றித் தனியாளாக ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் நெடுக 'நாங்கள்' என்று எழுதிவிட்டார். ஒரே ஆசிரியர் என்றால் இதழ் இதை ஏற்காது என்று சக பேராசிரியர் எச்சரித்தார். தட்டச்சுக் காலம், திருத்த வேண்டுமென்றால் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். எனவே வீட்டுப் பூனை செஸ்டருக்கு 'எஃப்.டி.சி. வில்லர்ட்' என்று பெயர் வைத்து இணை ஆசிரியராக்கினார். கட்டுரை 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வந்தது. பெயர்தான் வேடிக்கை, உள்ளே இருந்த இயற்பியல் அசல். இன்று பல இதழ்கள் ஒவ்வொரு ஆசிரியரின் பங்களிப்பையும் எழுதித் தரச் சொல்வதால் பூனைக்கு இடம் கிடைக்காது. அந்த விதி சரியானதுதான்.

ஸ்பூனுக்கு வருவோம். மெல்போர்ன் பர்னெட் ஆய்வு நிறுவனத்தினர் 70 ஸ்பூன்களில் கண்ணில் படாதபடி எண் போட்டு, தங்கள் அலுவலகத்தின் 8 தேநீர் அறைகளில் வைத்து, 5 மாதம் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். 56 ஸ்பூன்கள் காணவில்லை. அதாவது 80 சதவீதம். ஸ்பூன்களின் அரை ஆயுள், அதாவது பாதி ஸ்பூன்கள் காணாமல் போக ஆகும் காலம், எல்லாரும் புழங்கும் அறைகளில் 42 நாள். குறிப்பிட்ட குழுவுக்கு மட்டுமான அறைகளில் 77 நாள். எழுபதைக் குறையாமல் வைத்திருக்க ஆண்டுக்கு 250 ஸ்பூன் வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, பி.எம்.ஜே. என்ற மருத்துவ ஆய்விதழின் 2005 கிறிஸ்துமஸ் இதழில் வெளியிட்டார்கள். ஏன் எண் போட வேண்டும்? வெறுமனே எண்ணினால், யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட ஸ்பூனும் கணக்கில் சேர்ந்துவிடும். ஏன் ரகசியமாகப் போட வேண்டும்? தெரிந்தால் ஆட்களின் நடத்தை மாறிவிடும். ஆய்வு முறையியலில் இரண்டு அத்தியாயம் இதில் இருக்கிறது. மாணவர்கள் சிரித்துக்கொண்டே படிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

அதே இதழில் 2018இல் பாராசூட் ஆய்வு ஒன்று வந்தது. 23 பேர் விமானத்திலிருந்து குதித்தார்கள். சிலருக்கு பாராசூட், சிலருக்கு வெறும் முதுகுப்பை. உயிரிழப்பிலும் பலத்த காயத்திலும் இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை! விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தது. குதித்த உயரம் சராசரியாக 0.6 மீட்டர். ஆபத்தில் இருப்பவர்களை விட்டுவிட்டு, ஆபத்தே இல்லாதவர்களை வைத்து ஒரு சிகிச்சையைச் சோதித்தால், அது பயனற்றதாகத்தான் தெரியும். இதை இவ்வளவு தெளிவாகப் புரியவைக்கும் பாடநூலை நான் பார்த்ததில்லை.

இவர்கள் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. செய்தது என்ன என்பதைக் கட்டுரையிலேயே எழுதிவிட்டார்கள். பூனைக்காரரும் நீண்ட நாள் மறைக்கவில்லை. நீங்கள் கோபப்பட வேண்டியது சிரிப்பே வராத கட்டுரைகள் மீது.

2005இல் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர் 'சைஜென்' என்று ஒரு நிரல் எழுதினார்கள். வாக்கிய அச்சுகளில் வெற்றிடம் விட்டு, கணினித் துறைச் சொற்களைக் கண்டபடி நிரப்பும் நிரல் அது. வரைபடமும் மேற்கோள் பட்டியலும்கூடத் தானே போட்டுவிடும். அப்படி வந்த பொருளற்ற கட்டுரை ஒன்றை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. மாணவர்கள் தாங்களே அதை வெளியே சொன்னார்கள். அதே நிரலை வைத்து வேறு பலர் சத்தமில்லாமல் பேப்பர் போட்டார்கள். பிரான்சின் கிரெனோபிள் நகரைச் சேர்ந்த சிரில் லாபே, கட்டுரைகளில் சொற்கள் வரும் விகிதத்தை ஒப்பிட்டு அவற்றைப் பிடித்தார். 2014இல் ஸ்பிரிங்கரும் ஐ.இ.இ.இ.யும் சேர்ந்து 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. பொறி எழுதிய கட்டுரை வெளிவந்தது என்றால் மதிப்பீடு செய்ய வேண்டியவர் அதைப் படிக்கவே இல்லை என்று பொருள்.

இதே லாபே 2010இல், இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கினார். சைஜென் தந்த சுமார் 100 கட்டுரைகள், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் மேற்கோள் காட்டும். ஆய்வுக்கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் அந்த விஞ்ஞானிக்குக் கொடுத்த எச்-இன்டெக்ஸ் என்ற மேற்கோள் மதிப்பெண் 94. அதாவது, தலா 94 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 94 கட்டுரைகள்! இந்த எண்ணைப் பார்த்துத்தான் பல இடங்களில் பதவி உயர்வு நடக்கிறது.

நம் ஊர் நிலவரத்தையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். 2018 மே மாதம் யு.ஜி.சி. தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 ஆய்விதழ்களை நீக்கியது. அடுத்து வந்த 'கேர்' பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. நல்ல இதழ் எது என்று பார்க்கும் பொறுப்பு இப்போது கல்லூரிகளிடமும் ஆய்வாளர்களிடமும் இருக்கிறது. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். அது இதழின் அடையாள எண், தரச்சான்று அல்ல. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறது என்று சொன்னால் ஸ்கோபஸ் தளத்திலேயே தேடுங்கள், இதழ் அனுப்பும் படத்தில் அல்ல. ஆசிரியர் குழுவில் இருவரைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கே எழுதிக் கேளுங்கள். தம் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. ஒரு திருத்தமும் கேட்காமல் மூன்று நாளில் ஏற்பும் கட்டண ரசீதும் சேர்ந்து வந்தால், அன்றே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிடுங்கள்.