துருக்கி ஏன் இன்னும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவில்லை?

தடுத்து நிற்பது முக்கியமாக சைப்ரஸ். துருக்கி விண்ணப்பித்தது 1987இல். பேச்சுவார்த்தை தொடங்கவே 2005 ஆகிவிட்டது. அதற்குள், 2004இல், துருக்கி அங்கீகரிக்காத சைப்ரஸ் உறுப்பு நாடாகிவிட்டது. எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும் என்பது விதி. மறுப்பதற்கு ஒரு நாடு போதும். பேச்சுவார்த்தைக்கான 35 அத்தியாயங்களில், அதாவது துறைவாரித் தலைப்புகளில், 16 திறக்கப்பட்டன, தற்காலிகமாக முடிந்தது ஒன்றே ஒன்று! துருக்கியில் 2016இல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்குப் பிந்தைய கைதுகளால் மனித உரிமைச் சிக்கலும் சேர, 2018இல் பேச்சு உறைந்தது.

மனித உரிமை நிபந்தனை கொழும்புக்குப் புதிதல்ல: ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதிக்குத் தரும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை 2010இல் இழந்து 2017இல்தான் மீளப் பெற்றோம். உறுப்புரிமைக்கோ நாட்டின் சட்டங்களையே திருத்த வேண்டும். துருக்கியும் ஐரோப்பிய ஒன்றியமும் தங்களுக்குள் சுங்கவரியின்றித் தொழிற்பொருள் வணிகம் செய்யும் சுங்க ஒன்றியம் 1996 முதல் இயங்குவதால், இரு தரப்புக்கும் அவசரமில்லை என்றே நினைக்கிறேன்.