ஜப்பானியக் கோரப் படங்களைப் பார்த்தவர்கள் மயங்கி விழுந்தார்கள் என்பதெல்லாம் உண்மையா, விளம்பரமா?

விழுவார்கள். நானே விழுந்திருக்கிறேன், அதுவும் பரோட்டா சால்னா மேல்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் யாரோ நண்பர் ஒரு படத்தைக் காட்டி "உன்னால முழுசா பார்க்க முடியுமாடா" என்று சவால் விட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. முதலில் விளம்பரம் என்ற பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சிலர் அதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். 2001-ல் ஜப்பானிய இயக்குநர் தகாஷி மீகேயின் 'இச்சி த கில்லர்' கனடாவின் டொரண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது வந்தவர்களுக்கு வாந்தி எடுக்கும் பை கொடுத்தார்கள். அது பச்சை விளம்பரம். பையைக் கையில் கொடுத்தாலே பாதிப் பேருக்கு வயிற்றைப் புரட்டும். ஆனால் அதே மீகேயின் 'ஆடிஷன்' 2000-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் ஓடியபோது யாரும் பை கொடுக்கவில்லை, கூட்டம் கூட்டமாக எழுந்து போனார்கள், ஒரு பெண்மணி நேராக இயக்குநரிடமே போய் நீ ஒரு தீய ஆள் என்று கத்திவிட்டுப் போனார். அந்த 'ஆடிஷன்'தான் என்னையும் கவிழ்த்தது.

2010, வேளச்சேரியில் மாடி அறை, நாங்கள் மூன்று பேர். ரூம்மேட் ஒருவன் பர்மா பஜாரில் வாங்கிய டிவிடியைப் போட்டான். "என்ன படம்டா" என்றால், "லவ் படம் மாப்ள, பொண்டாட்டி செத்துப்போன ஒருத்தர் ரெண்டாவது கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிறார்" என்றான். பொய் என்றும் சொல்ல முடியாது, கதை அதுதான். சினிமாவுக்கு ஆள் எடுக்கிறோம் என்று பொய் சொல்லிப் பெண்களை வரவழைத்து, அதில் ஒருத்தியை அவர் தேர்ந்தெடுக்கிறார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் மெதுவாக, சோகமாக, மகன், அலுவலகம், சாப்பாடு என்று போகிறது. நடுவில் ஒரே ஒரு காட்சி. அந்தப் பெண் தலையைத் தொங்கப் போட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் ஒரு சாக்கு மூட்டை. போன் அடிக்கிறது, மூட்டை நகர்கிறது. அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். எழவில்லை, பசி.

கடைசியில் அவருக்கு அவள் ஒரு மருந்தைக் கொடுத்துவிடுகிறாள். உடம்பு அசையாது, வலி மட்டும் தெரியும். பிறகு ஊசிகளை எடுத்து ஒவ்வொன்றாகக் குத்துகிறாள், குத்தும்போது "கிரி கிரி கிரி" என்று குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவது போலச் சொல்கிறாள். ரத்தம் என்று பார்த்தால் பெரிதாக இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அந்தக் குரல்தான். எனக்குக் காது அடைத்தது, உள்ளங்கை குளிர்ந்தது, கொட்டாவி வந்தது. எழுந்து பாத்ரூம் போகலாம் என்று நின்றதுதான் கடைசியாக நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது சட்டை முழுக்கச் சால்னா, இரண்டு பேர் என்னை மாடிப்படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா கதவைத் திறந்து பார்த்தார். அவர் மனதில் அன்றைக்கே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது, பையன் குடித்துவிட்டு வாந்தி எடுத்திருக்கிறான். "ஆன்ட்டி, படம் பார்த்து மயங்கிட்டேன்" என்றேன். அதை யார் நம்புவார்கள்? என் அம்மாவே நம்பவில்லை.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும். காலி பண்ணும்போது பத்து மாத அட்வான்ஸ் அறுபதாயிரத்தில் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை, அது ஊர் வழக்கம், சரி. அதற்கு மேல் "பில்டிங் பேரைக் கெடுத்ததுக்கு" என்று சொல்லாத குறையாக இன்னொரு பன்னிரண்டாயிரத்தைப் பிடித்தார். குழாய் ரிப்பேராம். நாங்கள் குடிபோகும் முன்பே ஒழுகிக்கொண்டிருந்த குழாய். சென்னையில் அட்வான்ஸை முழுதாகத் திரும்ப வாங்கியவர் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள், கும்பிட்டுக்கொள்கிறேன். படத்தை விட அதுதான் திகில்.

விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் நான் போய்ப் பார்த்த டாக்டர் சிரிக்கவில்லை. "தம்பி, முன்னாடி எப்பவாவது ஊசி போடும்போது இப்படி ஆகியிருக்கா?" என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்பில் ரத்தப் பிரிவு பார்க்கும் முகாமில் பெஞ்சோடு சாய்ந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்பாவும் ஊசி என்றால் படுத்துக்கொண்டுதான் போட்டுக்கொள்வார். இது பல குடும்பங்களில் வழிவழியாக வருவது என்றார். நாய், பல்லி என்று எதைப் பார்த்துப் பயந்தாலும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், அதனால் சாதாரணமாக மயக்கம் வராது. ரத்தம், ஊசி, காயம் என்றால் மட்டும் சிலருக்கு முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடும். மூளைக்கு ரத்தம் குறையும், ஆள் சரிவார். ஆகவே இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று எழுதப்போகிறவர்கள் எழுதுங்கள், நான் நள்ளிரவில் தனியாகச் சுடுகாட்டு வழி வண்டி ஓட்டி வந்தவன்தான்.

அப்புறம் ஒரு வீம்பில் மற்றதையும் பார்த்தேன். 1985-ல் மங்கா ஓவியர் ஹிதேஷி ஹினோ இயக்கிய 'கினி பிக்' தொடர்ப் படம் ஒன்று உண்டு, சாமுராய் வேஷம் போட்ட ஒருவன் ஒரு பெண்ணை அங்கம் அங்கமாக வெட்டுவான். 1991-ல் ஹாலிவுட் நடிகர் சார்லி ஷீன் அதை நிஜக் கொலை என்றே நம்பிப் புகார் கொடுக்க, அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ வரை போனது. எப்படி எடுத்தோம் என்று படக்குழுவினரே காட்டிய படம் இருந்ததால்தான் விவகாரம் அடங்கியது. பெரிய நடிகருக்கே அப்படி என்றால் எனக்கு என்ன ஆகும் என்று தரையில் படுத்துக்கொண்டே பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. 2009-ல் வந்த 'க்ரோடெஸ்க்' பார்த்தேன், பாதியில் தூங்கிவிட்டேன். அந்தப் படத்துக்குப் பிரிட்டன் தணிக்கை வாரியம் சான்றிதழே தரவில்லை. கதை, பாத்திரம் என்று பெரிதாக எதுவும் இல்லை, சித்திரவதை மட்டும்தான் ஏறிக்கொண்டே போகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்குத் தூக்கம் வந்ததற்கும் அதே காரணம்தான்! யாரென்றே தெரியாதவனை வெட்டினால் எனக்கு அது கறிக்கடை. 'ஆடிஷன்' ஆளோடு ஒரு மணி நேரம் குடும்பம் நடத்திவிட்டுத்தானே ஊசியைப் பார்த்தேன்.

இது என் உடம்பின் கணக்கு, எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. இதையெல்லாம் பார்க்கச் சொல்லி யாரையும் தூண்டவும் இல்லை, கலாச்சாரக் காவலர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

சவாலை ஏற்கத்தான் போகிறீர்கள் என்றால் உட்கார்ந்து பார்க்காதீர்கள், படுத்துக்கொள்ளுங்கள். காது அடைத்தால் எழுந்து நிற்கவே கூடாது, என் தப்பு அதுதான். கை, தொடைத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடித்து விட்டு, மறுபடி இறுக்குங்கள், அழுத்தம் இறங்காமல் நிற்கும். பக்கத்தில் சால்னா வைக்காதீர்கள்.

'ஆடிஷன்' கடைசிப் பகுதியை இன்றுவரை நான் பார்க்கவில்லை. ரூம்மேட் சொன்ன முடிவைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். அவனையும் எவ்வளவு நம்புவது, லவ் படம் என்று சொன்னவன்தானே.