இரண்டு வேகங்களைக் கழித்தால் சார்பு வேகம் வந்துவிடுமா?

கேள்வி: முப்பரிமாணத்தில் வெவ்வேறு திசையில் போகும் இரண்டு பொருள்களின் சார்பு வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வேகங்களைக் கழித்தால் போதாதா?

போதாது. சார்பு வேகம் என்பது ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது நகரும் வேகம்; அதற்கு வெறும் கழித்தல் போதாது என்பதற்கு 2009 பிப்ரவரி 10-ஐவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அன்று சைபீரியாவுக்கு மேலே, சுமார் 790 கி.மீ. உயரத்தில், அமெரிக்க நிறுவனத்தின் இரிடியம் 33 செயற்கைக்கோளும், செயலிழந்து சுற்றிக்கொண்டிருந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251-உம் மோதிக்கொண்டன. அந்த உயரத்தில் வட்டப்பாதையில் சுற்றும் எதுவானாலும் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 7.46 கி.மீ. தான். கழித்தால் பூஜ்யம், அதாவது மோதலே நடந்திருக்கக் கூடாது. கூட்டினால் 14.9, ஆனால் அது நேருக்கு நேர் வந்தால் மட்டுமே சரி. உண்மையில் மோதிய வேகம் சுமார் 11.7 கி.மீ. கண்காணிக்கும் அளவுக்குப் பெரிய துண்டுகளே இரண்டாயிரத்துக்கு மேல் சிதறின.

அந்த 11.7 எங்கிருந்து வந்தது? இரண்டின் பாதைகளுக்கும் இடையே சுமார் 103 பாகை கோணம். வேகங்கள் சமமாக இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு: 2 × வேகம் × சைன்(கோணத்தில் பாதி). அதாவது 2 × 7.46 × 0.783, கிட்டத்தட்ட 11.7. கழிக்க வேண்டியது வேகத்தை அல்ல, திசைவேகத்தை, அதாவது திசையோடு சேர்ந்த வேகத்தை. முதலில் வெக்டர்களை (அளவும் திசையும் சேர்ந்தவற்றை) கழிக்க வேண்டும், அப்புறம்தான் எண்மதிப்பு எடுக்க வேண்டும். வரிசை மாறினால் விடை போச்சு.

முப்பரிமாணம் என்றதும் பயப்பட ஒன்றும் இல்லை. ஆறும் படகும், மழையும் குடையும் என்று பாடப்புத்தகக் கணக்குகள் இரண்டு கூறுகளோடு (ஒவ்வொரு அச்சுத் திசையிலும் உள்ள பங்குகளோடு) நின்றுவிடுவதால் மூன்றாவது ஏதோ தனி வித்தை போலத் தோன்றுகிறது. அவ்வளவுதான்.

இரண்டு விமானங்களை எடுத்துக்கொள்வோம். கூறுகளைக் கிழக்கு, வடக்கு, மேல் என்ற வரிசையில் மீட்டர்/விநாடியில் எழுதுகிறேன். முதல் விமானம் (200, 0, 10): கிழக்கே போய்க்கொண்டே மேலேறுகிறது. இரண்டாவது (120, 160, −5): வடகிழக்கே போய்க்கொண்டே இறங்குகிறது. இரண்டின் தரைவேகமும் 200 தான். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் (−80, 160, −15). வர்க்கங்களின் கூட்டுத்தொகை 6400 + 25600 + 225 = 32225, வர்க்கமூலம் 179.5. ஆக, சார்பு வேகம் சுமார் 180 மீ/வி. எதிலிருந்து எதைக் கழித்தாலும் குறிதான் மாறும், எண்மதிப்பு மாறாது.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிற பலருக்கு உண்மையில் வேண்டியது வேறு என்று நினைக்கிறேன்: "இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது?" சார்பு வேகமும் இதுவும் ஒன்றல்ல. சார்புத் திசைவேகத்தில் பார்வைக்கோட்டின் (இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டின்) மீது விழும் பங்கு மட்டுமே தூரத்தைக் குறைக்கும்.

முதல் விமானத்திலிருந்து பார்த்தால் இரண்டாவது (4000, −2000, 400) மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். தூரம் சுமார் 4490 மீட்டர். இதையும் சார்புத் திசைவேகத்தையும் புள்ளிப் பெருக்கல் செய்தால் (ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டினால்) −320000 − 320000 − 6000 = −646000. தூரத்தால் வகுத்தால் −144. ஆக, சார்பு வேகம் 180 ஆனாலும் தூரம் குறைவது விநாடிக்கு 144 மீட்டர் தான். விமானங்களில் உள்ள டீகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி அடிப்படையில் இந்த எண்ணைத்தான் பார்க்கிறது: மீதித் தூரத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்து, எத்தனை விநாடி அவகாசம் என்று கணக்கிடும்.

அதே 646000-ஐ, சார்பு வேகத்தின் வர்க்கமான 32225-ஆல் வகுத்தால் 20 விநாடி. அதுதான் இரண்டும் மிக அருகில் வரும் நேரம், வேகங்கள் மாறாமல் இருந்தால். அந்த நொடியில் இடைவெளி சுமார் 2.7 கி.மீ., மோதல் இல்லை. அந்த நொடியில் தூரம் குறையும் வேகம் பூஜ்யமாகிவிடும், சார்பு வேகமோ அதே 180-இல் நிற்கும். இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

விமானம் காட்டும் செயலிகளில் உள்ள எண்களை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். தரைவேகத்தைத் திசைக்கோணத்தின் சைனால் பெருக்கினால் கிழக்குக் கூறு, கொசைனால் பெருக்கினால் வடக்குக் கூறு (கோணம் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படுகிறது). ஒரே ஒரு எச்சரிக்கை: தரைவேகம் பெரும்பாலும் நாட் அலகிலும் ஏறும் வேகம் நிமிடத்துக்கு இத்தனை அடி என்றும் இருக்கும். ஒரு நாட் என்பது நிமிடத்துக்குச் சுமார் 101 அடி. வர்க்கம் எடுப்பதற்கு முன்பே ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெதுவாக ஏறும் விமானம்கூட ராக்கெட் மாதிரி கிளம்பிவிடும்.